‘அழுகினது இருக்கா?’ என்று கேட்ட அக்கா

பதினோரு வருஷம் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்ட ஒரு பெண்பிள்ளையைப் பற்றி எழுதப் போகிறேன். அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை இருக்கும் என்று நம்பிப் படிக்க உட்காராதீர்கள். அப்படி எங்கேயாவது வந்திருந்தால் அது என்னையும் மீறி வந்தது.

எனக்கு வாழைப்பழக் கடை. தார்கள் தொங்க ஓர் இடம், நான் நிற்க ஓர் இடம், அவ்வளவுதான் கடை. இன்னொரு ஆள் உள்ளே வந்தால் நான் வெளியே போக வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வியாபாரம் சூடு பிடிக்கும். மில்லில் பகல் ஷிப்டு விட்டு வருகிறவர்கள், மறுநாள் விடுமுறை என்ற குஷியில் இருக்கிறவர்கள், மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாதென்று வருகிறவர்கள், எல்லாரும் என் கடை முன்னால் நிற்பார்கள். நான் ஒரு சீப்பை எடுத்து, தூசி தட்டி, சர்க்கரைக் கட்டி மாதிரி இருக்கும் என்று சொல்லி ஒருத்தர் கையில் கொடுத்துக்கொண்டிருப்பேன். சரியாக அந்த நேரம் பார்த்து எதிர்ச்சாரியிலிருந்து ஒரு குரல் வரும்.

“பழக்காரா, அழுகினது இருக்கா?”

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று நீங்களே சொல்லுங்கள். இருக்கிறது என்றால் என் கடையில் அழுகல் கிடக்கிறதென்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி. இல்லை என்றால் விடமாட்டாள். போன வாரம் ரெண்டு டஜன் கொடுத்தாயே, இந்த வாரம் எங்கே போச்சு என்று, அதையும் அதே குரலில் கேட்பாள். கையில் சீப்பை வைத்திருக்கும் ஆள் அதை மெல்ல மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோவார். பிறகு, அப்புறம் வருகிறேன் என்பார். கண்ணாடி போட்ட ஒரு வாத்தியார் அப்படிச் சொல்லிவிட்டுப் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. இன்னும் வரவில்லை. எதிர்க்கடையில்தான் வாங்குகிறார், நான் பார்க்கிறேன்.

தெருவில் என் கடைக்குப் பெயரே அழுகல் கடை என்று ஆகிவிட்டது. எங்கள் மாடியில் குடியிருப்பவருக்கு ஒரு தடவை தபால் வந்தது. விலாசத்தில் ‘அழுகல் கடை மேல்மாடி’ என்று எழுதியிருந்தது. தபால்காரன் ஒரு நிமிஷம்கூடத் தடுமாறாமல் நேராகக் கொண்டுவந்து கொடுத்தான். எழுதினவன் மேல்கூட எனக்குக் கோபமில்லை, அந்தத் தபால்காரன் மேல்தான். அவள் இந்த ஊரை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகிறது. பெயர் மட்டும் போகவில்லை.

இத்தனைக்கும் அவள் கேட்பது அழுகின பழமே இல்லை. தோல் கருத்து, காம்பு தளர்ந்து, எடுத்தால் கைக்குள் குழைகிற பழம். கனிந்தது என்று கேட்கலாமே என்றேன் ஒரு நாள். கனிந்தது என்று கேட்டால் நீ மஞ்சளை எடுத்து நீட்டுவாய் என்றாள். அது உண்மைதான். நீட்டியிருப்பேன்.

அவளை எல்லாரும் சைரன் அக்கா என்பார்கள். மில்காரர்கள் வைத்த பெயர். ஒரு நாள் மில் சைரன் பழுதாகி, இவள் வாசலில் நின்று வேலை முடிந்தது என்று ஒரு சத்தம் போட்டதில் மூன்று ஷெட்டும் காலியானதாக ஒரு கதை உண்டு. அதில் பாதி பொய்யாக இருக்கும். மீதிப் பாதியே போதும்.

முப்பத்துமூன்று வருஷம் தறி ஓட்டியவள். ஒரு ஷெட்டில் அறுபது தறி. நான் ஒரு தடவை உள்ளே போயிருக்கிறேன். உங்கள் தலையைத் தகர டின்னுக்குள் வைத்து வெளியிலிருந்து நாலு பேர் கரண்டியால் அடித்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. அங்கே காதை நம்பிப் பேச முடியாது. பெண்கள் எல்லாரும் ஒருத்தி உதட்டை இன்னொருத்தி பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். ஷெட்டின் இந்தக் கோடியில் நிற்பவள் அந்தக் கோடியில் நிற்பவளிடம் மாமியாரைப் பற்றிக் குறை சொல்லுவாள், நடுவில் நிற்கும் சூப்பர்வைசருக்கு ஒன்றும் தெரியாது. முப்பத்துமூன்று வருஷத்தில் அக்காவுக்குக் காது பாதிக்கு மேல் போய்விட்டது. கண்ணே காதாகிவிட்டது.

இது தெரியாமல் நான் ரொம்ப நாள் ஏமாந்தேன். அவள் எதிர்ச்சாரியில் தலையைக் காட்டும்போதே, ‘வந்துட்டா பிடாரி’ என்று வாய்க்குள் முணுமுணுப்பேன். சத்தமே வெளியில் வராது. அவள் ஆற அமரத் தெருவைக் கடந்து வந்து, பழத்தைப் பொறுக்கிப் பையில் போட்டுவிட்டு, “பிடாரிதான் வந்திருக்கேன், ரெண்டு சேத்துப் போடு” என்பாள். அதற்குப் பிறகு நான் திட்ட வேண்டியிருந்தால் தார்களுக்குப் பின்னால் திரும்பிக்கொண்டு திட்டுவேன்.

அவளுக்குப் பத்தொன்பது வயதாக இருக்கும்போது அப்பா சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு வருகிறேன் என்று போனவர், வரவே இல்லை. அம்மா இரண்டு வருஷம் பார்த்தாள், பிறகு அவளும் போய்ச் சேர்ந்தாள். கீழே இரண்டு தம்பிகள். பெரியவன், சின்னவன் என்றுதான் அக்கா சொல்வாள், எங்களுக்கும் அதுவே வழக்கமாகிவிட்டது. பெரியவன் இப்போது கொரியர் ஆபீசில் மேனேஜர். சின்னவன் ஏசி மெக்கானிக். இரண்டு பேரையும் ஆளாக்கி, கல்யாணம் செய்துவைத்து, தனித்தனி வீட்டில் குடிவைத்துவிட்டு அக்கா ஒற்றை அறையில் இருந்தாள். அவளைப் பெண் கேட்டும் ஆட்கள் வராமலில்லை. ஒருத்தன் வந்தபோது பெரியவனுக்குப் பரீட்சை. இன்னொருத்தன் வந்தபோது சின்னவனுக்கு அம்மை. பிறகு வந்தவனைப் பார்த்து, இவன் வேறு ஒரு வேளை கூடச் சாப்பிடுவானே என்று நினைத்தாளாம். அதோடு வருகிறவர்களும் நின்றுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் தம்பிகள் தங்கள் பிள்ளைகளை அக்கா வீட்டில் இறக்கிவிட்டு, பெண்டாட்டியோடு சினிமாவுக்குப் போவார்கள். அக்காவும் பார்த்துக்கொள்வாள். அவளுக்கு வேறு என்ன வேலை என்பது எல்லாருடைய எண்ணம்.

கருத்த பழத்தை வைத்து அவள் என்னதான் செய்கிறாள் என்பது எனக்கு மூன்று வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு நான் சண்டை போடப் போயிருந்தேன். வாத்தியார் போன மறுநாள் அது. இனிமேல் கடைக்கு வந்தால் சத்தம் போடாமல் கேளுங்கள், இல்லாவிட்டால் வராதீர்கள் என்று சொல்ல வேண்டும். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

தகரக் கூரை போட்ட வீடு. இரண்டு பர்னர் அடுப்பு, ஒன்று செத்துவிட்டது, அதன்மேல் உப்பு டப்பா. அக்கா தரையில் உட்கார்ந்து ஓர் அகலப் பாத்திரத்தில் பழத்தைக் கையால் பிசைந்துகொண்டிருந்தாள். கரண்டி தொடவில்லை. விரலிடுக்கில் பிதுங்கிப் பிதுங்கி அது கூழாகும் வரை பிசைந்தாள். கோதுமை மாவு இரண்டு பங்கு, அரிசி மாவு ஒரு பங்கு, ஒரு சிட்டிகை உப்பு, தட்டின ஏலக்காய். சர்க்கரை போடவில்லையே என்று கையால் ஜாடை காட்டினேன். பழம் சரியாகக் கருத்திருந்தால் சர்க்கரை எதுக்கு என்றாள். தண்ணீரும் ஒரு சொட்டு விடவில்லை. பழம் விடுகிற ஈரத்துக்கு எவ்வளவு மாவு பிடிக்கிறதோ அவ்வளவுதான். எடுத்தால் கையிலிருந்து சோம்பேறி மாதிரி யோசித்து யோசித்து விழ வேண்டும். அரை மணி நேரம் மூடி வைத்துவிட்டு, எண்ணெய் காய்ந்ததும் தீயைக் குறைத்து, மூன்று விரலால் கிள்ளிக் கிள்ளிப் போட்டாள். போட்டதும் அடியில் போய் உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் மேலே வந்தது. அப்புறம் யாரும் தொடாமலே ஒவ்வொன்றாகப் புரண்டு படுத்தது, தூக்கத்தில் மனிதன் புரள்கிற மாதிரி. தானாகப் புரளாவிட்டால் பழம் சரியில்லை என்று அர்த்தம் என்றாள்.

நான் சொல்ல வந்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயில் ஓர் உருண்டையைத் திணித்துவிட்டாள்.

வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு மாதிரி, கொதிக்கக் கொதிக்க. விழுங்கவும் முடியாது, துப்பவும் மனசு வராது. நான் அதை இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் தள்ளிக்கொண்டிருக்கையில் அக்கா என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“எனக்குக் காது கேக்காது. அதனால சத்தமாத்தான் கேப்பேன். அடுத்த வாரமும் வருவேன். உனக்கொண்ணும் ஆட்சேபம் இல்லையே?”

எனக்கு ஆயிரம் ஆட்சேபம் இருந்தது. வாய்தான் இல்லை. உதடு அசையாவிட்டால் எதிராளி ஒன்றும் சொல்லவில்லை என்பது அவள் கணக்கு. விழுங்கி முடிப்பதற்குள், “சரி, அப்ப பேசி முடிச்சாச்சு” என்று அடுத்த ஈடு போடத் திரும்பிவிட்டாள்.

பிறகுதான் விசாரித்தேன். காலமெல்லாம் அவள் பிழைப்பே இப்படித்தானாம். ஷிப்டு மாற்ற முடியாது என்ற சூப்பர்வைசர், சின்னவன் காதலித்த பெண்ணின் அப்பா, வீட்டைக் காலி செய்யச் சொன்ன சொந்தக்காரர் எல்லாரும் வாய் நிறைய உருண்டையோடு சம்மதம் சொன்னவர்கள். கெட்ட சேதி எதுவானாலும் எதிராளி வாய் நிறைந்திருக்கும்போது சொல்லிவிட வேண்டும். அந்த இனிப்பு இறங்கி முடிவதற்குள் மனுஷனுக்குக் கோபம் பாதி போய்விடும் என்பாள். என் வீட்டுக்காரி இதைக் கேட்டுவிட்டு, இந்த வித்தை எனக்கு இருபது வருஷம் முன்னாலேயே தெரிந்திருக்கக் கூடாதா என்றாள்.

இனி பாய்லர்காரர். அதே மில்லில் பாய்லர் பார்க்கிறவர், ஆறடி உயரம், மனைவி போய் எட்டு வருஷம், பிள்ளை குட்டி இல்லை. யார் எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுவார். சாப்பிட்டாச்சா என்றாலும் அதே ஆட்டல், உங்கள் வீடு தீப்பிடித்துவிட்டது என்றாலும் அதே ஆட்டல். திமிர் பிடித்த மனுஷன் என்று தெருவே முடிவுகட்டி வைத்திருந்தது. ஷிப்டு இடைவேளையில் அக்கா கொண்டுபோகிற உருண்டைகளை ஆறு வருஷமாகத் தின்றுவந்திருக்கிறார். நல்லா இருக்கிறது என்றுகூட ஒரு நாளும் சொன்னதில்லையாம்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அக்கா கடைக்கு வந்தாள். சனிக்கிழமை இல்லாமல் வியாழக்கிழமை வந்ததே தப்பு. அதைவிடத் தப்பு, மெதுவாகப் பேசினாள். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து எழுந்து நின்றேன்.

பாய்லர்காரர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார், தன் ஊருக்கே போகிறார், என்னையும் வருகிறாயா என்று கேட்டார் என்றாள். அந்த மனுஷன் வாயைத் திறந்தாரா என்றேன். சத்தம் வரவில்லை, உதட்டை அசைத்தார், எனக்குப் புரிந்தது என்றாள். அம்பத்திரண்டு வயதுப் பெண்பிள்ளை முகம் சிவந்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“சரின்னுட்டேன். ஆனா தம்பிங்க ரெண்டு பேர்ல ஒருத்தனாவது ‘போயிட்டு வாக்கா’ன்னு சொல்லணும். தூக்கி வளத்த பசங்க. அவனுங்க வாயால அது வராம நான் எங்கயும் போக மாட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குத் தம்பிகளை வரச் சொல்லியிருக்கிறாளாம். பாய்லர்காரரும் வருகிறார். ரெண்டு டஜன், நன்றாகக் கருத்தது வேண்டும். நீயும் வந்து உட்கார், வெளி ஆள் ஒருத்தன் இருந்தால் பெரியவன் கையை நீட்டிப் பேச மாட்டான் என்றாள். நான் நெஞ்சில் தட்டி, என் கடையில் கருத்த பழத்துக்கா பஞ்சம் என்றேன். பதினோரு வருஷத்தில் நானாக வாய்விட்டு அப்படிச் சொன்னது அன்றைக்குத்தான்.

என் வாய்முகூர்த்தம், வெள்ளிக்கிழமை எங்கிருந்தோ ஒரு கூட்டம் வந்து, கருத்தது வெளுத்தது பார்க்காமல் மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போனது. சனிக்கிழமை காலை இறங்கின தாரில் பாதி இன்னும் பச்சை. எதிர்க்கடைக்காரனிடம் கருத்தது இருந்தது, என் கண்ணுக்கே தெரிந்தது. ஆனால் அவனும் நானும் படுதாக் கயிறு கட்டின தகராறில் நாலு வருஷமாகப் பேசுவதில்லை. அவனிடம் போய் அழுகினது இருக்கா என்று நான் கேட்கவா?

அப்போதுதான் பக்கத்து மீன்கடைக்காரனின் ஐஸ் பெட்டி கண்ணில் பட்டது. பழத்தைக் குளிரில் வைத்தால் தோல் கருத்துவிடும். உள்ளே பழுக்காது என்பதும் தெரியும், பழ வியாபாரிக்கு இது தெரியாமல் இருக்குமா? ஆனாலும் அரைப்பழம்தானே, எப்படியும் ஞாயிறு மத்தியானத்துக்குள் இளகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரெண்டு டஜனையும் கோணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். மறுநாள் காலையில் எடுத்தால் கரி மாதிரி கருப்பு. அவள் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தபோது, இவ்வளவு அழகான கருப்பை நான் பார்த்ததே இல்லை என்று அக்கா என் தோளில் தட்டினாள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அதைச் சொல்லாமல் மறைப்பானேன்.

மத்தியானம் மூன்று மணிக்கு என் வீட்டுக் கதவு அதிர்ந்தது. அக்கா நின்றாள், கையில் உரித்த பழம். அதைச் சுவரில் தட்டிக் காட்டினாள். சத்தம் வந்தது.

“என்னய்யா இது? தோல்தான் கருப்பு, உள்ள காய்.”

உதட்டைத்தான் படிப்பாள், மனசைப் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில், இந்த லோடே இப்படித்தான், வெயிலில் தோல் கருத்துவிடுகிறது என்றேன். அவள் என் உதட்டைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், திரும்பி ஓடினாள். ஒரு மணி நேரத்தில் ஆட்கள் வருகிறார்கள், வேறு பழத்துக்கு எங்கே போவாள்? எதிர்க்கடையும் ஞாயிறு மத்தியானம் மூடியிருக்கும்.

நாலு மணிக்கு நான் போனபோது எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டிலிருந்த ஒரே நாற்காலியில் பெரியவன். கட்டில் ஓரத்தில் அவன் பெண்டாட்டி. பிள்ளைகளை இன்று கூட்டிவர வேண்டாம் என்று அக்கா சொல்லியிருந்ததால் அவள் முகம் ஏற்கனவே கோணியிருந்தது. சின்னவன் மட்டும் தனியாக வந்து தரையில் கதவோரம் சாய்ந்திருந்தான், அவன் பெண்டாட்டிக்கு அன்று வேலை. பாய்லர்காரர் கவிழ்த்த வாளி மேல். இவர் எதற்கு இங்கே என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அவர் எல்லாருக்கும் பொதுவாக ஒரு தடவை தலையாட்டினார்.

அக்கா அடுப்படியில் என்ன பாடுபட்டிருக்கிறாள் என்பது தட்டைப் பார்த்ததுமே தெரிந்தது. பிசைய வராமல் மிக்ஸியில் தண்ணீர் விட்டு அடித்திருக்கிறாள். தண்ணீர் கூடியதால் மாவு கூட்டியிருக்கிறாள். இனிப்பில்லாததால் சர்க்கரையை அள்ளிப் போட்டிருக்கிறாள். சர்க்கரை வெளியே கருகி, உள்ளே மாவு பிசினாகி, ஆறும்போது ஒவ்வொன்றும் கல்லாகிவிட்டது. புரண்டு படுத்திருக்க வாய்ப்பே இல்லை. அப்படியும் அவள் விடவில்லை. பெரியவன் வாயில் தன் கையாலேயே ஒன்றை வைத்துவிட்டு, வழக்கம்போல உடனே ஆரம்பித்தாள்.

“நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்.”

கடக்கென்று ஒரு சத்தம். பெரியவன் உருண்டையை முழுசாக வெளியே எடுத்துப் பார்த்தான். பிறகு நாக்கால் பல்லைத் துழாவினான். வாய் காலியாக இருந்தது. அதுதான் வினை.

யாருக்குக் கல்யாணம் என்றான். எனக்குத்தான், இவரோடு என்று வாளியைக் காட்டினாள். அப்புறம் அவன் பேசினதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. மானம் வந்தது, மரியாதை வந்தது, ஆபீசில் தலைகாட்ட முடியாது என்பது வந்தது. நடுவில் அவன் பெண்டாட்டி முகத்தை அவன் பக்கம் திருப்பி, கையால் ஒரு பக்கம் மட்டும் மறைத்துக்கொண்டு, மூச்சளவில் முணுமுணுத்தாள். மறைக்காத பக்கத்தில் அக்கா நின்றிருந்தாள்.

“இந்த வயசுல எனக்கு ஆம்பளை கேக்குதான்னு கேக்கறே. கேக்குது. காது மட்டும்தான் எனக்குக் கேக்காது.”

மறைத்திருந்த கையை அவள் எடுத்துவிட்டாள். சின்னவன் மோட்டுவளையைப் பார்த்தான். பிறகு பெரியவன் பெண்டாட்டி மனசுக்குள் கிடந்தது அவளையும் மீறி வெளியே வந்தது.

“அப்ப ஞாயித்துக்கிழமை புள்ளைங்களை யாரு பாத்துக்குவா, அண்ணி?”

அதைக் கேட்டதும் அக்கா முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கோபமாக இருந்தால்கூடத் தேவலை. தறியில் நூல் அறுந்தால் நின்று பார்ப்பாளே, அப்படி நின்றாள். அதைத் தனக்கு வெற்றி என்று எடுத்துக்கொண்டு அந்தப் பெண் தட்டைச் சுட்டிக் காட்டி, இத்தனை வருஷம் செய்கிற பலகாரமே இன்றைக்கு வாய்க்கவில்லை, இந்தக் கல்யாணம் மட்டும் வாய்க்குமா, நல்ல காரியம் என்றால் பழமே காட்டிக்கொடுத்துவிடுமா என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. அக்கா மேல் பாசம் என்று நினைக்க வேண்டாம். என் பழத்தைப் பற்றி அக்கா பேசலாம், பதினோரு வருஷப் பாத்தியதை இருக்கிறது. இவள் யார்?

“பழத்து மேல தப்பில்லம்மா. காயைக் கருப்பாக்கினது நான்தான். ராத்திரி பூரா மீன்காரன் ஐஸ் பெட்டியில வெச்சிருந்தேன்.”

“மீன் பெட்டியிலயா?” என்றாள் அவள். ஏற்கனவே கடித்தும் கடிக்காமலும் ஒன்றரை உருண்டை தின்றிருந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்கு ஓடினாள். அக்கா என் உதட்டைப் படித்துவிட்டாள். அந்த வீட்டில் அத்தனை அமைதியாக அவளை நான் பார்த்ததில்லை, பார்க்கவும் எனக்கு விருப்பமில்லை.

பெரியவனுக்குச் சண்டை போட வேறு ஆள் வேண்டியிருந்தது. பாய்லர்காரர் பக்கம் திரும்பி, எங்கள் அக்காவிடம் அப்படி என்ன கண்டுவிட்டீர்கள் என்று கத்தினான். அவர் தலையாட்டினார். பதில் சொல்லுங்கள் என்று இன்னும் கத்தினான். அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா தன் குரலில் கேள்வியைத் திரும்பச் சொன்னாள். கூரைத் தகரம் ஒரு தடவை அதிர்ந்தது. பாய்லர்காரர் அதுவரை ஓர் உருண்டையை மென்றுகொண்டிருந்தார். அந்தக் கல்லை எப்படியோ நாலு கல்லாக்கி விழுங்கிவிட்டு, முதல் தடவையாகப் பேசினார்.

“பாய்லர் பக்கத்துலயே இருந்து எனக்கும் காது போச்சு தம்பி. வெளிய சொன்னா வேலையை விட்டு எடுத்துடுவாங்கன்னு தலையை ஆட்டிக்கிட்டே காலத்தை ஓட்டிட்டேன். இந்தம்மா பேசினா மட்டும்தான் எனக்குக் காதுல விழுது.”

சின்னவன் குனிந்துகொண்டான். சிரித்தானா வேறெதுவுமா என்று தெரியவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. பெரியவன் எழுந்து, இந்த வாசற்படியை இனி மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, குழாயடியிலிருந்து பெண்டாட்டியை இழுத்துக்கொண்டு போனான். சின்னவன் கொஞ்சம் பொறுத்து எழுந்தான். தட்டிலிருந்து ஓர் உருண்டையை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடித்துக்கொண்டே போனான். போயிட்டு வாக்கா என்று அவனும் சொல்லவில்லை. அக்கா பாய்லர்காரரைப் பார்த்து, நீங்க ஊருக்குப் போங்க, நான் வரலை என்றாள். அவர் தலையாட்டினார். அது சரியா, முடியாதா என்று அன்றைக்கும் யாருக்கும் புரியவில்லை. ஆனால் மாதம் முடிந்து, ஓய்வும் வாங்கிய பிறகும் மனுஷன் ஊருக்குப் போகவில்லை.

அதற்கப்புறம் சனிக்கிழமைகளில் அக்கா வரவில்லை. கடை முன்னால் அமைதி என்றால் அப்படி ஓர் அமைதி. மஞ்சள் பழமெல்லாம் மளமளவென்று போயிற்று. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கருத்தது மட்டும் கூடையில் கிடந்து கிடந்து நிஜமாகவே அழுகியது. ஐந்தாவது சனிக்கிழமை, அழுகுவதற்கு முன்னால் அதில் ரெண்டு டஜனைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, படுதாவை இறக்கிவிட்டு நானே அவள் வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்தவள் பையை வாங்கி ஒரு பழத்தை உரித்துப் பார்த்தாள். மோந்தும் பார்த்தாள். எனக்கு அது வேண்டியதுதான். பிசைய உட்கார்ந்தாள். நான் வாசற்படியிலேயே காத்திருந்தேன். முதல் ஈட்டிலேயே எல்லாம் புரண்டு படுத்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன், எப்போதும்போல அடைத்துவிட்டாள். என் வாய் வெந்துகொண்டிருக்கையில் சேதியைச் சொன்னாள். சின்னவன் போனில் எழுதி அனுப்பியிருக்கிறான். ‘தேதி என்ன’ என்று ரெண்டே வார்த்தை. தேதி கேட்கிறவன் சொல்ல வேண்டியதையும் வந்து சொல்லுவான் என்று அக்கா திங்கட்கிழமைக்குப் பதிவு ஆபீசில் நாள் வாங்கிவிட்டாள். சாட்சிக் கையெழுத்துக்கு ஒரு ஆள் குறைகிறது, மீன் பெட்டிக்கு அதுதான் உனக்குத் தண்டனை, வெள்ளைச் சட்டையில் வா, உனக்கொண்ணும் ஆட்சேபம் இல்லையே என்றாள்.

திங்கட்கிழமை பதிவு ஆபீசில் பெரியவன் வரவில்லை. சின்னவனும் வரவில்லை. எங்கள் முறை வந்தது. அதிகாரி பாய்லர்காரரைப் பார்த்துச் சம்மதமா என்றார். இவர் தலையாட்டினார். தலையாட்டினால் செல்லாது, வாயால் சொல்ல வேண்டும் என்றார் அதிகாரி. மறுபடி தலையாட்டல். கடைசியில் அக்கா, “சம்மதமான்னு கேக்கறார்” என்று எடுத்துச் சொன்னாள். டைப் அடிக்கிற பெண் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். பக்கத்து அறையில் பத்திரம் பதிய வந்திருந்த ஒரு கூட்டமே எழுந்து வந்து எட்டிப் பார்த்தது. பாய்லர்காரர் சம்மதம் என்றார், கணீரென்று.

நோட்டை அக்கா பக்கம் திருப்பினார்கள். பேனாவைக் கையில் வாங்கியவள் கையெழுத்துப் போடாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதிகாரி இருமினார். நான் அவருக்கு ஒரு சீப்புப் பழம் கொண்டுபோயிருந்தேன், மஞ்சளில் நல்லதாக ஒன்று. அதை மேஜையில் வைத்து இரண்டு நிமிஷம் ஓட்டினேன். அப்போது ஆபீஸ் வாசலில், வெயிலில், ஒரு பைக் வந்து நின்றது. இறங்கினவன் படியேறவில்லை. கண்ணாடியையும் ஏற்றிவிடாமல், உதடுகூடத் தெரியாமல், தலைக்கவசத்தோடு வண்டிப் பக்கத்திலேயே நின்றான். அது சின்னவன்தான் என்று தெரிய, இறங்கின விதத்தையும் நிற்கிற தினுசையும் பார்த்தால் போதாதா?

“ஒரு வார்த்தை வேணும்னேன். ஆளே வந்துட்டான்” என்றாள் அக்கா. குனிந்து கையெழுத்துப் போட்டாள். அவனுடைய ஆறு வயதிலிருந்து அவன் மார்க் அட்டையில் போட்டுவந்த அதே கையெழுத்து.

மூன்று மணிக்கு அவர்கள் ஊருக்குப் பஸ், அதனால் சாமானோடுதான் வந்திருந்தார்கள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன், பாய்லர்காரர் அடுப்பைத் தூக்கிக்கொண்டார், செத்த பர்னரோடு. படியில் இறங்கும்போதும் சின்னவன் அசையவில்லை. அக்கா கடைசிப் படியில் நின்றுவிட்டாள். என் முழங்கையைப் பிடித்து நிறுத்தி, எனக்குத் தெரிந்து இரண்டாவது தடவையாக மெதுவாகப் பேசினாள்.

“இந்த வெயில்ல அவனுக்கு வேர்த்து ஊத்தும், பழக்காரா. போய் அந்த ஹெல்மெட்டைக் கழட்டச் சொல்லு.”